இரண்டாவது தட்டு

கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஈரம் காயவில்லை.

ரிஃபானா அடுப்படி வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்று அவற்றைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தட்டில் எதுவும் சாப்பிட்டதில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், இல்லையென்றால் மோர்; அதையும் மடக்கு மடக்காக, இடைவெளி விட்டு. தட்டு தேவைப்படுகிற ஆள் இங்கே ஒருத்திதான், அவளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்திருக்கும் வெள்ளையம்மாள்.

குழம்புச் சோற்றுக்கு ஒன்று, மோர்ச் சோற்றுக்கு ஒன்று என்று சாப்பிடுகிறாளோ என்னவோ. சாப்பிடட்டும். அடுத்தவள் தட்டை எண்ணுவது எவ்வளவு கேவலமான வேலை என்று ரிஃபானாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவள் தட்டைத்தான் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் மறுபடி பிரியாணி வைக்க வருகிறவள் இவளைப் பார்த்ததும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதை யாரோ வீட்டில் நடித்துக் காட்டியபோது அவள் கணவன் ஆரிஃபும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்குத்தான் அவள் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டாள்.

ஆரிஃபுக்குப் பெரிய கடை வீதியில் ரெடிமேட் கடை. வயிற்றைக் குறைக்க ஆபரேஷன் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பது அவன் கட்சி. சொந்தக்காரர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லிவைத்தான். பாலக்கரை வீட்டில் படுத்திருந்தால் பார்க்க வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, மஸ்கட்டில் இருக்கும் நண்பனிடம் கேட்டு ஸ்ரீரங்கத்தில் இந்த ஃபிளாட்டின் சாவியை வாங்கினான். ஆபரேஷனுக்கான மாதத்தையும் அவனே தேர்ந்தெடுத்தான்.

"நோன்புல யாரும் யாரையும் தேட மாட்டாங்க," என்றான்.

சரியாகத்தான் சொன்னான். யாரும் தேடவில்லை.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அவளுடைய அக்கா பஸீலா. கொஞ்ச நாள் வந்து கூட இரு என்று ரிஃபானா போனில் கெஞ்சினாள்.

"விடியக்கால சஹர், சாயங்கால இஃப்தார்னு இங்கயே எனக்கு இடுப்பு ஒடியுது. நீ பட்டினி கெடக்கத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட? பட்டினி கெடக்கத் துணைக்கு ஆள் எதுக்குடி?"

அப்படித்தான் ஏஜென்சிக்குச் சொல்லி, உப்பிலியபுரத்திலிருந்து வெள்ளையம்மாள் வந்தாள். நல்ல கைப்பழக்கம். குளிக்க வைப்பாள், வயிற்றுக் கட்டை இறுக்கிக் கட்டுவாள், ஹாலில் கையைப் பிடித்து நடத்துவாள். "போன வீட்டம்மா வாய் ஓயாதுங்க. நீங்க முனகக்கூட மாட்டேங்குறீங்க. உங்களை மாதிரி சீக்காளி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்பாள். இவளும் போய்விட்டால் வேறு கதியில்லை. அதனால் ரிஃபானா தட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய்போல ஆக்கிச் சின்னச் சின்னக் கம்பிகளால் தைத்திருந்தார்கள். தையல் ஆறும்வரை சோறோ இட்லியோ ஒரு கவளம் உள்ளே போனாலும் ஆபத்து, தையல் விட்டால் உயிர் போகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சொல்லியிருக்கத் தேவையில்லை. அவளுக்குப் பசியே இல்லை. இதுநாள்வரை கூடவே இருந்த ஒன்று, தூங்கும்போதுகூடப் பக்கத்தில் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒன்று, சொல்லாமல் எழுந்து போயிருந்தது. படுக்கையில் அதன் இடம் காலியாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும்.

மறுநாள் மதியம் வெள்ளையம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ரிஃபானாவின் கணுக்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரைச்சீலையைத் தாண்டி வந்த வெயில் தரையில் மஞ்சளாகக் கிடந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது. ஸ்டேஷன் பக்கம் ஏதோ ரயில் நீளமாக ஊதி, பாலத்தின்மேல் ஏறி, காவிரி மணலுக்கு மேலே போய்த் தேய்ந்தது. அது தேய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. அடுப்படியை ஒட்டிய ஸ்டோர் ரூமிலிருந்து. சோற்றைப் பிசைகிற சத்தம். விரல்கள் தட்டில் வழித்து இழுக்கிற சத்தம், வாய்க்குள் கூழாகிற சத்தம், பிறகு கனமாக, தொண்டை முழுக்க, ஒரு விழுங்கல்.

ரிஃபானா கீழே பார்த்தாள். வெள்ளையம்மாளின் இரண்டு கைகளும் அவள் கணுக்காலில் இருந்தன.

"டிவி ஏதாவது ஓடுதா?"

"இல்லீங்களே." வெள்ளையம்மாள் தலையைத் தூக்கவில்லை. "அவங்க சாப்பிடுறாங்க."

"யாரு?"

"உங்க கூட வந்தவங்கதான். அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்து கார்ல வந்து எறங்கினீங்கள்ல? சார் உங்களைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாரு. அவங்க பின்னாடியே மெதுவா படி ஏறி வந்தாங்க. அக்காவா, தங்கச்சியா? முக்காட்டுல மூஞ்சி தெரியல, ஆனா உங்க வாகுதான். நல்ல கனத்த ஒடம்பு."

ரிஃபானா காலை இழுத்துக்கொண்டாள். "பேசினாங்களா?"

"பேச்சே கெடையாது. கதவோரமா நிப்பாங்க. தட்டைப் போட்டா உக்காருவாங்க." வெள்ளையம்மாள் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். ஒரு பேஷண்ட்டுன்னுதான் ஏஜென்சில சொன்னாங்க. இப்ப எவ்வளவு வடிச்சாலும் பத்தல. சார்கிட்ட சொல்லி அவங்களுக்கு வேற ஆள் பாத்துருங்க. எனக்கும் வயசாகுது."

உள்ளே தட்டு ஒருமுறை தரையில் இழுபட்டது. காலித் தட்டு.

இரவு ஆரிஃப் வந்தான். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வடிகட்டி ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தான். பெருநாள் வியாபாரம் ஆரம்பித்துவிட்டது, நின்றபடியே பேசினான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். நண்பனின் அட்டைப் பெட்டிகள். உடைந்த நாற்காலி. தரையில் சில பருக்கைகள். ஈரப் பஞ்சும் பழைய ரத்தமும் கலந்ததுபோல ஒரு வாடை கட்டில்வரை வந்தது.

"யாரும் இல்ல. எலி ஏதாவது செத்திருக்கும். உனக்குப் பசி மயக்கம்."

"எனக்குப் பசிக்கலங்க. பசியே இல்ல."

"அப்ப சந்தோஷப்படு." அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தம்மா திங்கிறதுக்குக் கதை சொல்லுது. தின்னுட்டுப் போகட்டும். ஆளை மட்டும் விட்டுடாத, இந்த மாசத்துல வேற கெடைக்காது."

கிளம்பப் போனவனை அவள் நிறுத்தினாள். "என்னங்க, வெட்டி எடுத்ததை என்ன பண்ணினாங்க?"

சர்க்கரை வியாதியில் அவளைப் பெற்ற அத்தாவின் கால் விரலை எடுத்தபோது, அந்த ஒற்றை விரலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கபர்ஸ்தானில் அடக்கினார்கள். உடம்பில் ஒரு துண்டானாலும் மண்ணுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அத்தா கட்டிலில் படுத்தபடி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆரிஃபின் முகம் சுருங்கியது. "அவங்களே அப்புறப்படுத்திக்கிறேன்னாங்க, சரின்னுட்டேன். பின்ன? அதை எடுத்துட்டுப் போயி ஜமாத்துல என்னன்னு சொல்லி அடக்கச் சொல்றது? என் பொண்டாட்டி வயிறுன்னா?"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் பைக் கிளம்பும் சத்தம்.

காலையில் வெள்ளையம்மாளின் பையைக் காணோம். செருப்பைக் காணோம். போன் நான்கைந்து முறை அடித்த பிறகு எடுத்தாள். பின்னணியில் பஸ்ஸின் இரைச்சல்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நேத்து ராத்திரி சோறு தீந்துபோச்சு. இல்லீங்கன்னு சொல்லிப் பாத்தேன். அவங்க நகரல. என் கையைப் பிடிச்சு மோந்து பாத்தாங்க." குரல் கீழே இறங்கியது. "மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் மோந்து பாத்தாங்கம்மா. கண்டக்டர் வர்றாரு, வச்சிடறேன்."

ரிஃபானா ஆரிஃபைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் சமாளி. நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

"நீங்க வாங்க. ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க."

"கடையை யாரு பாக்கிறது?"

பஸீலாவைக் கூப்பிட்டாள். "அக்கா, என்னைய இங்கேருந்து கூட்டிட்டுப் போக்கா." பஸீலா பெருமூச்சு விட்டாள். "நோன்பு வச்சிருக்கேன்டி. நோன்பாளியை இப்படிப் போட்டுப் படுத்தக் கூடாது. சாயங்காலம் பேசறேன்." ஏஜென்சியில் பெருநாள் முடிந்து வரச் சொன்னார்கள். கீழ் வீட்டு மாமி மகளுக்குப் பிரசவம் என்று பெங்களூர் போயிருந்தாள். அவள் வீடு பூட்டிக் கிடந்தது.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கட்டிலிலிருந்து வாசல் கதவுக்குப் போக ஸ்டோர் ரூமைத் தாண்ட வேண்டும்.

ஒரு தடவை முயன்றாள். எழுந்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, அறை வாசல்வரை வந்துவிட்டாள். ராத்திரியிலிருந்து தண்ணீர் எடுத்துத் தர ஆள் இல்லாததால் உதடு வெடித்திருந்தது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் நீந்தின. ஸ்டோர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த இருட்டு முழுக்க ஏதோ நிறைந்திருந்தது, மூட்டை அடுக்கியதுபோல, மூட்டை மெதுவாக மூச்சு விடுவதுபோல. அவள் சுவரைத் தடவித் தடவித் திரும்பிவந்து படுத்தாள்.

மதியம் முழுவதும் அது பட்டினியாக இருந்தது. அவளுக்கு அது தெரிந்தது. அரிசி டப்பாவின் மூடி திறந்தது. பச்சரிசியைக் கடிக்கிற சத்தம், மாடு அசை போடுவதுபோல நிதானமாக, வெகுநேரம். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நக்கிவிட்டுக் கீழே வைத்தது. அப்புறம் சத்தமில்லை. அவள் ஆரிஃபுக்கு மறுபடி போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. கட் செய்தான்.

வெயில் சுவரில் ஏறி, சிவந்து, மங்கியது.

அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம். அரிசி களைகிற சத்தம். பிறகு, டிக், டிக், டிக். அடுப்பு பற்றிக்கொண்டது.

ரிஃபானா போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். அது சமைக்கிறது. குக்கர் விசில் அடித்தது. சோற்று வாசம் வந்தது. நெய் வாசமும். ஒவ்வொரு வாசத்துக்கு அடியிலும் அந்த ஈரப் பஞ்சு வாடை.

போனில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தது. பாலக்கரையில் இந்நேரம் எல்லோரும் ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

பாங்கு நின்றது.

காலடி. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. ஈரமான, கனமான, அவசரமில்லாத காலடி. அறை வாசலில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டில் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. அவள் உடம்பு அந்தச் சரிவில் உருண்டு எதன்மேலோ சாய்ந்தது. மெத்தென்று இருந்தது. சில்லென்று. நகமில்லாத விரல்கள் அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டன. ஒரு கை முதுகுக்குக் கீழே போய், தையல்கள் இழுபடாமல், வெள்ளையம்மாளைவிடப் பக்குவமாக, அவளைத் தூக்கி உட்காரவைத்தது. தலையணையை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தது.

யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கண் திறந்துகொண்டது.

அவளுடைய பழைய தோள்கள். பழைய கழுத்து. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு மட்டும். மடிப்பின் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னக் கம்பிகள், வரிசையாக. அது அவளைப் பார்த்துக் கொஞ்சமாகத் திறந்தது.

அதன் மடியில் குக்கர் இருந்தது. நெய்ச்சோறு ஆவி பறந்தது. கை அதற்குள் போய், பதமாகப் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்து, அவள் வாயருகே கொண்டுவந்தது. பருக்கை சிந்தாமல் இன்னொரு உள்ளங்கை அவள் தாடைக்குக் கீழே காத்திருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். "கூடாது. செத்துருவேன்."

கை நகரவில்லை. கோபப்படவும் இல்லை. காத்திருந்தது.

தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. உருண்டை இன்னும் அங்கேயே இருந்தது, உதட்டிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில், சூடு ஆறாமல்.

ரிஃபானா வாயைத் திறந்தாள்.

சோறு இளஞ்சூடாக இறங்கியது. இரண்டாவது உருண்டை இறங்கும்போது உள்ளே எங்கோ, மிக மெல்ல, ஏதோ ஒன்று தெறித்தது. அப்புறம் இன்னொன்று. உள்ளங்கை அவள் தாடையை ஒருமுறை தடவிக்கொடுத்தது.

கை மறுபடி குக்கருக்குள் போனது. குக்கரில் இன்னும் நிறைய இருந்தது.