அண்ணன் குரலில் மூன்று தரம்

கப்பலூரில் வாழ்க்கைப்பட்ட அழகம்மாள், கல்லுப்பட்டியில் கரியில் ஓடும் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிக்காரன் சோலையின் மாட்டுவண்டி பிடித்து அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அண்ணன் நல்லகாமனை ஒத்தக்கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். சோற்றோடு வயிற்றுக்குள் போன இடுமருந்தை எடுக்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

மருந்து வைத்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வீட்டில் சோறு போடுகிற கை ஒன்றுதான்.

"வண்டிய அவுக்காதண்ணே. ஆள ஏத்திக்கிட்டு இந்தா வாரேன்."

"மாட்டுக்குத் தண்ணி காட்ட விடு தாயி. அதுக்கும் சேத்தா மருந்து வச்சிருக்காக?" என்று சிரித்தான் சோலை.

ஒரு காலத்தில் நல்லகாமன் பஞ்சாயத்தில் வாயைத் திறந்தால் எதிராளியும் தலையாட்டுவான். அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வந்தது. முதலில் தூரத்துச் சொந்தங்களின் பேர் போயிற்று. அடுத்து கலப்பை, மம்பட்டி. மம்பட்டி பிடித்து வாய்க்கால் வெட்டுவார். இது என்ன என்று கேட்டால், "அது… மண்ணு… அது" என்பார். இப்போது சோறும் அது, தண்ணீரும் அது.

முற்றத்துக் கட்டிலில் கிடந்தவர் தங்கச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"அழகு."

"அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம்" என்றாள் அவர் பெண்சாதி மாயக்காள். "எம் பேரு போயி நாளாச்சு."

"போகாம? என்னத்தப் போட்டுப் பெசஞ்சு குடுத்த மதினி?"

மாயக்காள் கோபப்படவில்லை. அதுவே அழகம்மாளுக்கு இன்னும் உறுத்தியது.

"மதுரையில டாக்டரு பாத்தாரு. மூளையில பேச்சு இருக்கிற எடம் சுருங்கிக்கிட்டே வருதாம், வத்துற கம்மா கணக்கா. மருந்தே கெடையாதாம். போன சொல்லெல்லாம் எங்கய்யா போகும்னு கேட்டேன். சிரிச்சாரு." அவள் பார்வை உள்ளறை மூலையில் நின்ற நெல் கொட்டி வைக்கும் மண் குலுக்கையின் மேல் விழுந்தது. குரலைத் தாழ்த்தினாள். "அங்கிட்டுப் போகாத அழகு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏன்னு பதில் குடுக்காத."

அப்படியானால் மருந்துப் பொட்டலம் அங்கேதான் இருக்கிறது.

மாயக்காள் குடத்தோடு கிணற்றுக்குப் போனதும் அழகம்மாள் உள்ளே போனாள். மழை பொய்த்த வருஷம். ஆள் உயரக் குலுக்கையில் தானியம் கிடையாது. அடியில், நெல் இறக்குகிற ஓட்டையை அடைத்திருந்த துணியைப் பிடுங்கிவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் அந்த வெயிலிலும் உள்ளே ஈரக்குளிர்.

"மம்பட்டி."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கலப்பை. சோறு. தண்ணி. மாயக்கா."

அண்ணன் குரல். தடுமாற்றமே இல்லாத அந்தப் பழைய பஞ்சாயத்துக் குரல். திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது.

மதினி எவனையாவது உள்ளே ஒளித்து வைத்திருக்கிறாளா? உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, மேல்வாய் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு மணி நெல் இல்லை. என்றோ நனைந்து புழுங்கிய வாடை மட்டும் முகத்தில் அடித்தது.

"அழகு."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். உச்சி வேளையில் யார் கூப்பிட்டாலும் எடுத்த எடுப்பில் பதில் கொடுக்கக் கூடாது. காத்துக் கருப்பு மூன்றாம் தரம் கூப்பிடாது, மனுசர்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அண்ணன்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

"அழகு."

வாசலில் மாட்டின் கழுத்துமணி நின்றுபோனது.

"அழகு… எங்கம்மா இருக்க?"

இந்தத் தரம் குரல் முற்றத்திலிருந்து வந்தது போலிருந்தது. மூன்றாம் தரம்! அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது!

"ஏண்ணே! இந்தா வாரேன்!"

தரையில் கிடந்த துணி மெல்ல நகர்ந்து, ஓட்டைக்குள் போயிற்று.

அவள் முற்றத்துக்கு ஓடினாள். நல்லகாமன் எழுந்து உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்க்காதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். விரலை நீட்டினார்.

"அது."

குடத்தோடு நிலைப்படியில் நின்றாள் மாயக்காள். "ஏன்னு பதில் குடுத்துட்டியா?"

"மூணு தரம் கூப்பிட்டுச்சு மதினி…"

"அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் இப்ப அதுக்கும் தெரியும்டி."

அழகம்மாள் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் மிரண்டு போய் மாயக்காளின் முந்தானையைப் பற்றிக்கொண்டார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் ஓடி வந்து வண்டியில் ஏறினாள்.

"அண்ணன் வரலையா? அப்ப ஒத்தக்கடை இல்ல. எந்த ஊரு பஸ்ஸுக்கு விட தாயி?" சோலை மூக்கணாங்கயிற்றைச் சரிசெய்துகொண்டே கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். வீடு தெரிந்தது. வாசல் புளியமரம் தெரிந்தது. புருசன் முகம்கூடத் தெரிந்தது.

"அது… ரயிலு போகுமே… அது…"

"என்ன தாயி, வாக்கப்பட்ட ஊரேவா மறந்துபோச்சு?"

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. பெண்குரல். அவள் குரல்.

"கப்பலூர்."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, திரும்பிப் பாராமல் மாட்டைத் தட்டினான் சோலை.