வெளியே தொங்கும் பூட்டு

தண்ணீர் கேன் மறுபடியும் குளுக்கென்றது.

யாரும் குழாயைத் திருகவில்லை. சமையல் மேடையில் கவிழ்த்து வைத்த கேனுக்குள் பெரிய குமிழி ஒன்று கிளம்பி, மெல்ல ஏறி, உச்சியில் உடைவது கூடத்தில் படுத்திருந்த வசுமதிக்குக் கேட்டது. தாகத்தோடு அண்ணாந்து குடிப்பவரின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் போன்ற சத்தம் அது. எழுந்து போய்ப் பார்த்தாள். குழாயின் வாயில் ஈரமில்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. நேற்றுப் பொழுதுசாய வாங்கிப் போட்ட கேனில் பாதிதான் மீதி இருந்தது.

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள், உச்சி வேளை. சதுரங்கப்பட்டினத்துக் கடல் கூப்பிடு தூரம்தான் என்றாலும் காற்று வரவில்லை. கருவாட்டு வாடையும், காய்ந்த தாரின் வாடையும், சுவரே வேகிறாற்போல ஒரு சுண்ணாம்பு வாடையும்தான் வந்தன. விடியற்காலையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்ததோடு கரண்ட் போயிருந்தது. ஏசி இல்லை, மோட்டார் இல்லை, மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. பத்து மணிக்குப் போனும் உயிரை விட்டது. கணவர் ஜெகதீசன் ஆபீஸ் பயிற்சிக்காக வடக்கே போய் நான்கு நாள். மகள் ஹரிப்ரியா சிறுசேரியில் வேலைக்குப் பக்கத்திலேயே விடுதியில் தங்கியிருக்கிறாள்.

குளுக்.

வசுமதி கெட்டவள் அல்ல. வெள்ளிதோறும் விளக்கேற்றுவாள். மொட்டைமாடியில் காக்கைக்கு மண்சட்டியில் தண்ணீர் வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போடுவாள். ஆனால் அந்தக் குடியிருப்பில் பகலில் தனியாக இருக்கும் பெண்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு வித்தை அவளுக்கும் தெரியும். வாசலின் இரும்புக் கிரில் கதவில், வெயிலுக்காகக் கட்டிய பச்சை வலையில், கை நுழையுமளவு ஓர் ஓட்டை. அதன் வழியே கையை விட்டு, வெளிப்பக்கம் பூட்டைப் போட்டுவிட்டால் போதும். உள்ளிருந்து பார்த்தால் தெருவே தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூட்டு மட்டும் தெரியும். கூரியர்காரன், சந்தா கேட்பவன், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை இதே நேரம் அந்தக் கிரில்லைத் தட்டியவள் செங்கம்மாள். காலனித் தெருக்களைக் கூட்டுபவள். வாயில் எப்போதும் வெற்றிலை.

"யம்மா, நாக்கு வறண்டு கீதும்மா. ஒரு சொம்பு தண்ணி குடும்மா."

வசுமதி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். ஒரு நாள் கொடுத்தால் தினமும் வந்து நிற்பாள் என்று தோன்றியது. அவ்வளவுதான். மூச்சை அடக்கிக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்றாள்.

செங்கம்மாள் பூட்டைப் பார்த்தாள். திரும்பியவள் நின்றாள். வாசற்படிக்குப் பக்கத்தில், உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏசியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயின் கீழே இரு கையையும் குவித்து, நிறைய நேரம் பிடித்து, ஒரு வாய் குடித்தாள். பூட்டிய கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இருக்கட்டும்மா. நல்லா இரு."

படியில் உட்கார்ந்தாள். மாலையில் மற்றவர்கள் வந்துதான் தூக்கிப்போனார்கள்.

அன்றிரவு மாடி வீட்டு ஹெலன் வந்து அழுதாள். "உங்க படியிலதான் செங்கம்மாக்கா உசுரு போச்சு. நானும் சர்ச்சுக்குப் போய்ட்டேன், உங்க வூடும் பூட்டிக் கெடந்துது. நீங்க இருந்திருந்தா ஒரு வாய் குடுக்காமயா இருந்திருப்பீங்க?"

"ஆமா... நான் மாமல்லபுரம் வரைக்கும் போயிருந்தேன்" என்றாள் வசுமதி.

கண்மூடித் திறக்கும் நேரத்துக் காரியம் ஒரு சொம்புத் தண்ணீர். அதைச் செய்யாமல் விட்டால் அந்த நேரம் மட்டும் முடிவதே இல்லை.

குளுக். குளுக். குளுக்.

வசுமதி சமையலறைக்கு ஓடினாள். கேன் தானாகக் காலியாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டம் அவள் கண்ணெதிரே இறங்கியது. டம்ளரைப் பிடித்துக் குழாயைத் திருகினாள். வெறும் காற்று வந்தது. சூடான காற்று. வெற்றிலை மணக்கும் மூச்சு.

வெளியே போய்விட வேண்டும். மாடிக்கு. ஹெலன் இருப்பாள்.

இன்றும் பூட்டு வெளியேதான் தொங்கியது. ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். ஓட்டை வழியே கையை வெளியே விட்டாள். வெயிலில் பூட்டு கொதித்தது. தடவித் தடவிச் சாவித் துவாரத்தைத் தேடினாள்.

அவள் கைமேல் இன்னொரு கை பட்டது.

காய்ந்த கை. துடைப்பம் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அது முரட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, விரல் விரலாகப் பிரித்து, சாவியை வாங்கிக்கொண்டது.

வசுமதி கையை இழுத்துக்கொண்டாள். வலைக்கு அப்பால், படியில், முதுகு காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியில் எதையோ முடிந்துகொண்டிருந்தாள்.

வசுமதி கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிரிந்து வரவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஹெலன்! இடுப்பில் பானை, கையில் டம்ளர். கீழே இறங்கி நேராக இந்த வாசலுக்கே வந்தாள். பூட்டைப் பார்த்தாள்.

"அக்கா அவங்க பொண்ணுகிட்ட போய்ட்டாங்க போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பானையைப் படியின் ஓரத்தில் இறக்கினாள். நிறைந்திருந்த தண்ணீர் விளிம்பில் தளும்பியது. பானையை மூடி, அதன் மேல் டம்ளரைக் கவிழ்த்தாள். நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். "செங்கம்மாக்கா, உன் பேரால வெக்கிறேன். இனிமே இந்தத் தெருவுல யாரும் தாகமா போவக் கூடாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை ஹெலன் பார்க்கவில்லை.

வசுமதி கிரில்லை அடித்தாள். இரண்டு கையாலும். தோல் இரும்பில் ஒட்டிப் பிய்ந்தது.

"இன்னாம்மா சத்தம் அங்க?" மேலிருந்து ஹெலனின் கணவன் ஸ்டான்லியின் குரல்.

"ஒண்ணுமில்ல. காத்துல அக்கா வூட்டு கேட்டு ஆடுது."

தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை.

செருப்புச் சத்தம் மேலே ஏறியது. கதவு மூடியது.

படியில் இருந்தவள் எழுந்தாள். பானையைத் திறந்தாள். டம்ளர் நிறைய மொண்டாள். ஒரு சொட்டும் சிந்தாமல், கவனமாக, கிரில்லுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

வசுமதி ஓட்டை வழியே கையை விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் இரும்பில் அழுந்த.

டம்ளர் அவள் விரலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. அசையவில்லை. குளிர்ச்சி மட்டும் நகக்கண்ணில் பட்டது.

"நல்லா இரும்மா" என்றாள் செங்கம்மாள், கையைத் தாழ்த்தாமல்.

அவளுக்குக் கை வலிக்கவே இல்லை.