நடுச்சாலையில் ஒரு பலாக்கிளை

மணிமொழியிடம் நான்கு ஆடுகள் இருந்தன. நான்கும் சாப்பாட்டு ராமன்கள். அதிலும் மொட்டைக்காதன் என்ற கிடாய், அவளுடைய பள்ளிக்கூடப் பையைக்கூட ஒருமுறை கடித்துப் பார்த்திருக்கிறது.

கல்வராயன் மலையில் அவள் ஊருக்குத் தார்ச்சாலை வந்தது இந்த வருடம்தான். இப்போது தினமும் ஒரு பேருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை காட்டுவார்கள். ஓட்டுநர் காசிநாதனும் சிரித்தபடி கை காட்டிவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் மணிமொழி ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு வளைவுக்கு முன்னால், நடுச்சாலையில் பச்சைப் பசேல் என்று ஒரு பலாக்கிளை கிடந்தது.

யாரோ தங்கள் ஆட்டுக்கு ஒடித்துக்கொண்டு போகும்போது தவறவிட்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். பாவம், அந்த ஆடு பசியோடு காத்திருக்குமே. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கிளையைத் தோளில் தூக்கிக்கொண்டாள். பின்னால் வந்த மொட்டைக்காதன் அதிலிருந்த இலைகளைப் பறித்துத் தின்றுகொண்டே வந்தது.

வளைவைத் தாண்டியதும், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இந்தத் தழ உங்களுதுங்களா?" என்று கேட்டாள் மணிமொழி.

அவர் முகம் மாறியது. "அத ஏன் பாப்பா எடுத்தே?"

"கீழ கெடந்துச்சுங்க. ஆட்டுக்குத்தான ஒடிச்சீங்க?"

"ஆட்டுக்கில்ல, பின்னால வர்ற வண்டிக்கு. நடுரோட்டுல தழ கெடந்தா, முன்னால வண்டி ரிப்பேராகி நிக்குதுன்னு அர்த்தம். டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும்."

மணிமொழிக்குத் தெரியாது. தழை என்றால் ஆட்டுத் தீனி, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

லாரி ஓட்டுநர் வெற்றிவேல் வடக்கனந்தல்காரர். சக்கரத்துக்குக் கல் வைத்தும் லாரி சரிவில் நழுவியது. அதனால் பிரேக்கிலிருந்து அவரால் காலை எடுக்க முடியவில்லை. கூட வந்தவர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தார்.

மேலே எங்கோ ஹாரன் கேட்டது.

"பஸ் வந்துக்கினு இருக்குது. எடுத்த எடத்துலயே போட்டுடு, ஓடு பாப்பா."

மணிமொழி கிளையைப் பார்த்தாள். நுனியில் ஒரு கொத்து இலைதான் மிச்சம். மற்றதெல்லாம் மொட்டைக்காதன் வயிற்றில். இந்தக் குச்சியைப் பார்த்து எந்தப் பேருந்து நிற்கும்? கை காட்டலாமா? காசிநாதன் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர் எதைப் பார்த்தால் நிறுத்துவார் என்று யோசித்தாள். சட்டென்று கிளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினாள்.

தழையை ஆடுகள் விடுமா? நான்கும் துரத்தின. வளைவுக்கு மேலே சாலை நேராக இருந்தது. அங்கே கிளையை நடுவில் போட்டுவிட்டு, மணிமொழி ஓரமாக நின்றாள். ஆடுகள் அதைச் சுற்றி நின்று முட்டிக்கொண்டன. தூரத்தில் பேருந்து தெரிந்தபோது, மொட்டைக்காதனை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

பேருந்து ஹாரன் அடித்தது. ஆடுகள் நகரவில்லை. மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பேருந்து நின்றது.

காசிநாதன் தலையை நீட்டினார். "இன்னா பாப்பா, ஆட்டுக்கு விருந்து வெக்க நடுரோடுதான் கெடச்சுதா?"

"வளைவுக்கு அந்தாண்ட லாரி நிக்குதுங்க. தழ போட்டிருந்தாங்க. நாந்தான் தெரியாம எடுத்துட்டேங்க."

காசிநாதன் இறங்கிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, ஆட்கள் நிறைந்த பேருந்தையும் மணிமொழியையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பிறகு வேறு கிளை ஒடிக்கச் சாலையோரப் பலா மரத்தடிக்குப் போனார். மணிமொழி அவரைத் தடுத்தாள். புதருக்குள் புகுந்து ஆடாதொடைக் கிளைகளை ஒடித்து வந்து சாலையில் போட்டாள்.

மொட்டைக்காதன் ஆசையாக ஓடி வந்தது. மோந்து பார்த்தது. தும்மிவிட்டுத் திரும்பிப் போனது.

"இது டிரைவருங்களுக்கு மட்டுந்தாங்க" என்றாள் மணிமொழி.