ஹெட் கேஸ்கட் போன வண்டி

தன் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்த டிரைவர், ஜெகதீஸ்வரன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் போகும் சாலையில் இருந்தது ரஃபீக் பாயின் ஷெட். மழை ஓய்ந்த பிற்பகல். மீன் வண்டி உள்ளே வந்து நின்றதும் ஏரிச் சேற்றின் வாடை ஷெட்டை நிறைத்தது. மீன் வண்டி நாறத்தான் செய்யும் என்று ரஃபீக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னாப்பா ஆச்சு?"

"ஹெட் கேஸ்கட் போச்சுன்னு நினைக்கிறேன் பாய்."

இதையே முந்தாநாள் காலையில் படகுத்துறையில் சொல்லியிருந்தான். பசியாவரம் தீவு மீனவன் நீலமேகம் வலையில் கால் சிக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான். படகில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் மனைவி பச்சையம்மா ஓடிவந்து இவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு இருக்குதுண்ணா. வண்டிய எடு" என்றாள்.

தண்ணீரிலிருந்து தூக்கியவரை ஏற்ற மாட்டேன் என்று அந்தக் கரையில் எந்த வண்டிக்காரனும் சொன்னதில்லை. ஆனால் பின்னால் இறால் லோடு இருந்தது. பெட்டிகளை இறக்கினால் ஐஸ் கரைந்துவிடும். "கேஸ்கட் போயிடுச்சும்மா, பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது" என்று வாயில் வந்ததைச் சொன்னான். அங்கே நின்றவர்கள் எல்லாரும் படகில் டீசல் என்ஜின் வைத்துப் பிழைக்கிறவர்கள். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அந்தத் தகடு போனால் வண்டி சூடேறி நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள். அந்த நோயின் பெயரைக் கேட்டதும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஆட்டோ தேடி ஓடினார்கள்.

அவர்கள் போன பிறகு இவனும் லோடோடு கிளம்பினான். திருப்பாலைவனம் தாண்டியதும் அந்த ஆட்டோவையே முந்திப் போனான். பச்சையம்மா புருஷன்மேல் குனிந்திருந்தாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா? அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நீலமேகத்தின் உயிர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நன்றாக ஓடும் வண்டியை, ஊர் பார்க்கட்டும் என்று ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கிறான். இது எவ்வளவு கேவலம் என்று அவனுக்கே தெரியும்.

ரஃபீக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டான். தண்ணீரில் குமிழிகள் வந்தன. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் படிந்த மாதிரி வெளுப்பு.

"நீ சொன்னது கரெக்டுதான்பா. கம்ப்ரஷன் காத்து ரேடியேட்டர் தண்ணில ஏறுது. கேஸ்கட்டேதான்."

ஜெகதீஸ்வரனுக்கு அழுகை முட்டியது. அப்படியென்றால் தான் பொய் சொல்லவில்லை! அவசரமாக வண்டிக்குள் கையை விட்டு என்ஜினை நிறுத்தினான்.

குமிழி நிற்கவில்லை.

ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. யாரோ அடியில் படுத்துக்கொண்டு மெல்ல மூச்சு விடுவதைப் போல.

ரஃபீக் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். "உப்பு கரிக்குது. ஏரித் தண்ணிய ஊத்துனியா?"

"இல்ல பாய். பச்சை கூலண்ட்தான் ஊத்துறேன்."

தண்ணீர் முழுவதையும் ஒரு வாளியில் வடித்தான் ரஃபீக். பச்சையில்லை. கலங்கலாக, சேறாக வந்தது. கூடவே ஒரு துண்டு வலை நூல். ரஃபீக் ஸ்பானரை எடுத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஹெட் கழன்றது. ரஃபீக் கேஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கும் எரியவில்லை, கிழியவில்லை. ஹெட்டின்மேல் நேரான இரும்புச் சட்டம் வைத்துப் பார்த்தான். வளைவும் இல்லை, விரிசலும் இல்லை.

"நல்லா இருக்குதுப்பா." அவன் குரல் இறங்கிவிட்டது. "கேஸ்கட் போச்சுன்னு உன்கிட்ட யாரு சொன்னது?"

ஜெகதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சத்தில் காதுமடல் சுட்டது.

அப்போதுதான் படகுத்துறைக்குப் போய்க்கொண்டிருந்த பச்சையம்மா ஷெட் வாசலில் நின்றாள். பிரித்துப் போட்டிருந்த என்ஜினையே பார்த்தாள்.

"கேஸ்கட்டேதானாண்ணா?"

ரஃபீக் கேஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடு என்று ஜெகதீஸ்வரனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தான்.

"ஆமாம்மா" என்றான்.

தரையில் இருந்த வாளியில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

மூவரும் வாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு குமிழி.

வாளி வண்டியைவிட்டுத் தள்ளி, தனியாக இருந்தது. குழாய் இல்லை, என்ஜின் இல்லை. சேற்று வாடை மட்டும் திரும்ப எழுந்தது.

பச்சையம்மா உள்ளே வந்து வாளியின் அருகே மண்டியிட்டாள். ஆட்டோவில் புருஷன்மேல் குனிந்திருந்த அதே மாதிரி குனிந்து, காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மூச்சு இருக்குதுண்ணா" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு எங்கள முந்தினியே, அந்த மாதிரி வேகமா வண்டிய எடு."

சாவி அவன் கையில்தான் இருந்தது. கழற்றிய ஹெட் சாக்கின்மேல் கிடந்தது.

வாளியில் இன்னொரு குமிழி எழுந்தது.