நடுக்கண்ணில் ஒரு பொட்டு

வீரப்பதக்க வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு விதி உண்டு. போர்ப்பொறி எதுவும் அந்த வழியாகப் போனால், உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஓய்வு பெற்ற பொறிகளுக்கு அங்கேதான் பராமரிப்பு நடக்கிறது என்பதால், மதியத்துக்குள் முட்டி வலிக்கும் அளவுக்கு எழுந்து எழுந்து உட்கார்வோம். அன்றைக்கும் ஒன்று வந்தது. ஆறு கால், ஒட்டகத்தின் உயரம், மார்புத் தகட்டில் மூன்று பதக்கம். கூடமே எழுந்தது. நான் எழவில்லை. வேங்கை என்கிற அந்தப் பொறியின் பின்னங்கால் மூட்டில் ஒரு காலத்தில் எலி குட்டி போட்டிருந்தது. உள்ளே கையை விட்டு எடுத்துப் போட்டவள் நான். அப்போது எனக்கு இரண்டு கை இருந்தது.

"மாடத்தி மேடம்" என்று கவுண்டரிலிருந்து கோதண்டபாணி கூப்பிட்டார். வாரியத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அதுவும் சம்பளத்தில் சேர்ந்த சிரிப்பு.

"உங்க மனு இந்த தபாவும் திரும்பிடுச்சு மேடம்."

"என்ன காரணமாம்?"

"அதேதான். காயம்னா பொறிக்கு ஏற்படறது. மனுஷாளுக்கு ஏற்பட்டா அது விபத்து. ரூல் அப்படி இருக்குது, நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் ஒன்றும் பண்ண வேண்டாம். பண்ண வேண்டியவர்கள் எல்லாம் முன்பே பண்ணிவிட்டார்கள். 'ஆளில்லாப் போர்ச் சட்டம்' வந்த அன்று ஊரெங்கும் லட்டு கொடுத்தார்கள். இனிப் போர்முனையில் மனிதர்களே இருக்க மாட்டார்கள், பொறிகள் மட்டும் சண்டை போடும், எந்தத் தாயும் அழ வேண்டியதில்லை என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். நானும் லட்டு தின்றேன். பொறிகளின் மூட்டில் மண் அடைக்கும், மின்கலத்தை மாற்ற வேண்டும், மழைத்தண்ணீரைத் துடைக்க வேண்டும் என்பது லட்டு கொடுத்தவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்காக எங்களைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். எங்களுக்குத் 'தொடுநர்' என்று பெயர். அரசுக் கணக்கில் நாங்கள் எல்லோரும் ஊருக்குள் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

என் இடது கை போனபோது, மருத்துவமனையில் இருந்த மெய்ப்பதிவி என்னிடம் காரணம் கேட்டது. அதுவும் ஒரு பொறிதான். வாய் மட்டும் உள்ள பொறி. போர் என்றேன். மனிதர்களுக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது என்றது. வெட்டிய பொருள் உலோகமா என்றது. ஆமாம். சுழன்றுகொண்டிருந்ததா? ஆமாம், சுழன்றுதான் வந்தது. நன்றி என்று சொல்லி, 'மாவு கிரைண்டரில் கை சிக்கியது' என்று பதிந்துகொண்டது. எங்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாக்கெட் மாவுதான்.

அதற்குப் பிறகு ஊருக்கே நான் கிரைண்டரில் கையை விட்டவள் ஆகிவிட்டேன். நான் போர் என்று சொன்னால், பாவம், மூளையும் கலங்கிவிட்டது என்பார்கள். என் மகள் வடிவு கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் கிரைண்டர் என்றே சொல்லிவிட்டாள். "வேற என்னம்மா சொல்ல? உன் பேச்சைச் சொன்னா நம்மளைப் பைத்தியம்பாங்க" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறையவே வந்தது.

பதக்கம் என்கிற அந்தத் தகரத்தின் மேல் எனக்கு ஆசை இல்லை. அதன் பின்பக்கத்தில் ஒரு வரி பொறிப்பார்கள். இன்னார், இன்ன இடத்தில், போரில் காயம்பட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவர்கள் வாசலில் நாயாய்க் கிடக்கிறேன்.

"ஆனா மேடம், இந்த தபா ஒரு வழி சொல்லிக்கீறாங்க" என்றார் கோதண்டபாணி, குரலைத் தாழ்த்தி. "உங்களை வேங்கையோட துணை உறுப்பா பதிஞ்சுட்டா, உங்களுக்கு ஆனது பொறிச்சேதம்னு ஆயிடும். வேங்கையோட பதக்கத்துல உங்களையும் சேர்த்துக்கலாம். ஆயுத பூஜை அன்னைக்கு விழா. தலைவரே முன்னால நிக்கறாரு."

"துணை உறுப்புன்னா?"

"உதிரி பாகம் மாதிரி."

"பின்னால என்ன எழுதுவாவ?"

"'வேங்கை, துணை உறுப்புடன்.' நம்பர் வேணா போடச் சொல்றேன் மேடம்."

எவ்வளவு பெரிய மனசு. சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இந்த வாரியத்தின் தலைவர் யார் என்று சொன்னால்தான் அந்தச் சிரிப்பு புரியும். கர்னல் செழியரசு. நாங்கள் மணல்திட்டில் கிடந்தபோது எங்கள் பிரிவுக்குக் கட்டளை கொடுத்தவர். கொடுத்தது தலைநகரில், குளிரூட்டிய அறையில், சுழல்நாற்காலியில் உட்கார்ந்து. போர் முடியும்வரை அவர் செருப்பில் மணல் பட்டதில்லை.

என் கை போன அன்றைக்கும் ஆயுத பூஜைதான். எதிரி நெருங்கிக்கொண்டிருக்கிறான். கர்னலுக்குப் பூஜை போட்டே ஆக வேண்டும். போட்டால் தப்பில்லை, பட்டறையில் சுத்தியலுக்கும் திருகாணிக்கும் பொட்டு வைத்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் அவர் திரையில் வந்து, வேங்கைக்கு நெற்றியில் குங்குமம் வை, பளிச்சென்று தெரிகிற மாதிரி பெரிதாக வை, இங்கே அமைச்சர் பார்க்கிறார் என்றார்.

"சார், அதுக்கு நெத்தி கிடையாது. நடுவுல இருக்கது கண்ணுல்லா" என்றேன்.

"எனக்கே சொல்லிக் கொடுக்கறியா? நடுவுல எது இருக்கோ அதுதான் நெத்தி. வை."

வைத்தேன். சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அதன் மேல் குங்குமத்தை அப்பினேன். வேங்கைக்கு நடுக்கண் ஒன்றுதான் கண். அது மறைந்தால், தான் எதிரியிடம் சிக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். யார் கட்டளைக்கும் கீழ்ப்படியாது. பக்கத்தில் எது அசைந்தாலும் முன்கையை வீசி அடிக்கும். அதன் அறிவு அவ்வளவுதான். அமைச்சர் கைதட்டி முடிப்பதற்குள் எதிரியின் குண்டுகள் விழ ஆரம்பித்தன. வேங்கை குருடாக நின்றது. அதை நம்பி அதன் பின்னால் பள்ளத்தில் படுத்திருந்தவர்கள் நாங்கள்.

முன்கை வீசுகிற தூரத்துக்குக் கீழே, இடது பக்கமாக, வயிற்றால் ஊர்ந்து போனேன். காலைப் பற்றி ஏறிச் சட்டைக்கையால் பொட்டைத் துடைத்தேன். கண் திறந்தது. அந்த நொடியில் ஒரு குண்டுத் துண்டு வந்தது. என் கையைக் கொண்டுபோய்விட்டு, வேங்கையின் காலில் போய் ஒரு கீறல் போட்டது. ஒரே துண்டு. கீறலுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கைக்குக் கிரைண்டர். இரண்டிலும் கையெழுத்து கர்னலுடையது.

ஆயுத பூஜை அன்று வடிவையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவள் மாமியார் நேரலையில் விழாவைப் பார்க்கப்போவதாகச் சொன்னதால், அம்மா மேடையில் ஏதாவது உளறி மானத்தை வாங்கிவிடுவாளோ என்று காவலுக்கு வந்தாள்.

போர் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் வேங்கை நின்றது. துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சல்யூட் அடிக்க வேண்டுமே என்று முன்கையை மட்டும் விட்டு, அரைவிழிப்பில் வைத்திருந்தார்கள். கழுத்து இல்லாத பொறிக்கு எங்கே போடுவது என்று தெரியாமல் காலில் மாலை. பொரி, கடலை, வாழைக்கன்று, நாதஸ்வரம், முன்வரிசையில் பெரிய மனிதர்கள். என் தோளில் ஒரு நீலப்பட்டை கட்டிவிட்டார்கள். அதில் 'து.உ.' என்று எழுதியிருந்தது. ஒரு பெண் வந்து, வரிசையாக வைத்திருந்த திருகாணி, எண்ணெய்க்குப்பி, மின்கலம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, அதே விரலால் என் ரப்பர் கைக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செழியரசு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூளை அப்படியே இருந்தது. சட்டைக் காலரில் ஒலிவாங்கி. இடது கையில் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு வேங்கையின் முன்னால் போனார். வலது கை நிறையச் சந்தனமும் குங்குமமும். அந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்தேன்.

"சார், அது கண்ணு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்து, "உறுப்பெல்லாம் பேசக் கூடாதும்மா" என்றார். முன்வரிசை சிரித்தது. சந்தனத்தைப் பூசி, குங்குமத்தை அப்பினார்.

மனிதருக்குக் காயமே இல்லை என்று ஆக்கிவிட்டவருக்கு, என் கை எதனால் போனது என்று மட்டும் எப்படி நினைவிருக்கும்?

வேங்கையின் முன்கை உயர்ந்தது. எல்லோரும் சல்யூட் என்று நினைத்துக் கைதட்டினார்கள். காற்றில் அசைந்த வாழைக்கன்றை அது ஒரே வீச்சில் இரண்டாக்கியது. முற்றம் காலியாக ஆரம்பித்தது. காவலர்கள் நிறுத்தும் கருவியை அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள். கண் தெரியாத பொறி யார் அழுத்தினாலும் நிற்காது. செழியரசு மட்டும் அதன் முன்னால், அசைந்தால் அடி என்று தெரிந்து, சிலைபோல நின்றார். கையில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது.

"யாராவது வாங்கப்பா" என்றார் உதடு அசையாமல். ஒலிவாங்கி அதை முற்றம் முழுக்கச் சொன்னது. "தட்டு சுடுது."

யாரும் நகரவில்லை. காவலர் தலைவன் சட்டத்தை நினைவுபடுத்தினான். "ஐயா, விழிப்பில இருக்கற பொறி கிட்ட மனுஷங்க போகக் கூடாதுங்கய்யா."

"மாடத்தி! மாடத்தி இருக்காளா? நீ வந்து துடைம்மா. அன்னைக்குத் துடைச்சியே, அது மாதிரி!"

நான் பட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். "என்னைக்கு சார்?"

"மணல்திட்டுல! பூஜை அன்னைக்கு! கை போச்சே!"

"கை கிரைண்டர்லல்லா சார் போச்சு. நீங்கதான கையெழுத்துப் போட்டிய."

"கிரைண்டர் இல்லம்மா! ஐயோ, சுடுதே! போர்லதான் போச்சு. நான்தான் கண்ணுல பொட்டு வைக்கச் சொன்னேன். நீ சொன்ன, நான் கேக்கல. மாடத்தி, மணல்திட்டு, போர்ல காயம், போதுமா? வாம்மா!"

பதக்கத்தின் பின்பக்கத்தில் நான் கேட்ட வரி அதுதான். வார்த்தை பிசகாமல், நேரலையில், அவர் வாயாலேயே வந்தது. போதும் என்றுதான் இருந்தது. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் தட்டு விழுந்தால் வேங்கை வீசும். அந்த வீச்சு தூரத்துக்குள், ஓட முடியாமல், நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் மூச்சை அடக்கி உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அவர்கள் யார் கண்ணிலும் பொட்டு வைத்தவர்கள் இல்லை.

இடது பக்கமாக, வயிற்றால் போனேன். ஒரு கையால் ஊர்வது கஷ்டம். அன்றைக்குப் போகும்போது இரண்டு இருந்தது. ரப்பர் கை நடுவழியில் கழன்று விழுந்தது, விட்டுவிட்டேன். காலைப் பற்றி எழுந்து, 'து.உ.' பட்டையை உருவி, அதாலேயே கண்ணைத் துடைத்தேன். கண் திறந்தது. என்னைப் பார்த்தது. முன்கையை உயர்த்தி எனக்கு ஒரு சல்யூட் அடித்தது. அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

செழியரசு தட்டைத் தரையில் போட்டுவிட்டு விரல்களை ஊதிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, சட்டையை இழுத்துவிட்டு, "பெரியோர்களே, நமது வேங்கை எந்த மனித உதவியும் இல்லாமல், தன் பழுதைத் தானே சரிசெய்துகொண்டது" என்றார். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து கைதட்டினார்கள். எல்லாவற்றையும் காதால் கேட்டவர்கள். வேங்கையின் மார்பில் நான்காவது பதக்கத்தைக் குத்தினார்கள். அவருடைய வெந்த விரல்களை மெய்ப்பதிவி 'தோசைக்கல்' என்று பதிந்துகொண்டதாகக் கோதண்டபாணி பின்னால் சொன்னார்.

குங்குமம் படிந்த பட்டையைச் செழியரசின் காலடியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். என் ரப்பர் கையை எடுத்துக்கொண்டு வடிவு பின்னால் வந்தாள். அதில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துப்பட்டாவால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பேருந்து நிறுத்தத்தில் அவள் போன் அடித்தது. மாமியார். நேரலைப் பதிவில் அந்தப் பகுதியை அதற்குள் அழித்துவிட்டார்களாம். ஆனால் அந்த அம்மாள் முன்பே பார்த்துவிட்டார். குரல் எனக்கே கேட்டது.

"ஏம்மா, உங்கம்மா கை கிரைண்டர்ல போச்சுன்னுதானே சொன்ன?"

வடிவு என்னைப் பார்த்தாள். ரப்பர் கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல கிரைண்டரே கிடையாது அத்தை" என்றாள். "எப்பவும் பாக்கெட் மாவுதான்."