ஸாகி நானா பொருத்திய கணினி

ரிப்காவின் வாப்பா மஹ்மூத், சொன்ன விலைக்கு எந்தச் சாமானையும் வாங்கியதில்லை. மூன்று வேளை மருந்து குடிக்கச் சொன்னால்கூட, "ரெண்டு வேளையோட முடிச்சுக்க ஏலாதா டொக்டர்?" என்று கேட்பார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட அவருக்கு ஒரு கடை. வாளி, கூடை, சட்டி, கூட்டுகிற தும்புத்தடி எல்லாம் வாசல்வரை தொங்கும். கடைக்குப் பின்னால் மேடேறும் ஒழுங்கையில்தான் வீடு.

ரிப்காவின் அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் ஸாகி, பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். பரீட்சை முடிந்ததும் விளையாட்டுகள் வேகமாக ஓடும் கணினி ஒன்று வாங்கித் தருவதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுக்கும்போது பரீட்சை தூரத்தில் இருந்தது. பரீட்சை வந்தது, முடிந்தது. வேறு வழியில்லாமல் வாப்பா கண்டிக்கு பஸ் ஏறினார். ரிப்காவும் கூடவே தொற்றிக்கொண்டாள். வாப்பா விலை பேசுவதைப் பார்ப்பது அவளுக்குப் பெருநாள் மாதிரி.

கணினிக் கடைக்காரர் ஃபாஸில், கண்ணாடி போட்ட ஒரு பெட்டியைக் காட்டினார். அதற்குள் சிவப்பு, நீலம், பச்சை என்று வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ரெடிமேட், ஹாஜியார். வீட்டுக்குக் கொண்டுபோய் பிளக்கைச் சொருகினாப் போதும், விளையாடலாம்."

"பெரஹரா ஊர்வலத்துக்கு லைட் போட்டுப் போற யானை மாதிரி இருக்கே! இந்த லைட் எல்லாத்தையும் கழட்டிட்டு விலையைச் சொல்லுங்க."

"லைட்டைக் கழட்ட ஏலாது ஹாஜியார்."

"அப்ப லைட்டுக்கு விலை போடாதீங்க."

ஸாகி மெல்ல வாப்பாவின் கையைத் தொட்டான். "வாப்பா, எனக்கு இது வேணாம். சாமான்களைத் தனித்தனியா வாங்கி நானே பொருத்துறேன்."

"என்னத்துக்கு? சோறு ஆக்கி வச்சிருக்கிற கடையில போய் அரிசி கேட்கிற மாதிரி இருக்கே!"

"ரெடிமேட்ல கண்ணுக்குத் தெரியிறதை நல்லதாப் போடுவாங்க வாப்பா. உள்ளே கரண்ட் குடுக்கிற பெட்டியை மலிவாப் போட்டிருப்பாங்க. அது மோசமா இருந்தா மற்றதும் பழுதாகும். நானே பொருத்தினா உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பிறகு ஒரு சாமானை மட்டும் மாத்தவும் ஏலும்."

வாப்பா ஃபாஸிலைப் பார்த்தார். ஃபாஸில் கூரையைப் பார்த்தார். பிடி பளபளக்கிற வாளியின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று வாப்பாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"சரி, பழுதாப் போனா? ரெடிமேட்னா ஃபாஸில்ட கொலரைப் பிடிக்கலாம். நீ பொருத்தினா நான் யார்ட கொலரைப் பிடிக்க?"

"என்ட கொலரைப் பிடிங்க."

"அந்தக் கொலரையும் நான்தானே வாங்கித் தந்தேன்!"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஸாகிக்குச் சாமான்கள் கிடைக்கும். திங்கட்கிழமைக்குள் கணினி வேலை செய்யாவிட்டால், ஃபாஸில் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு அந்த யானையைக் கொடுக்க வேண்டும். ஃபாஸில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். "அந்தப் பேனையையும் தாங்களேன்" என்று அவருடைய மேசையிலிருந்த பேனையையும் வாங்கிக்கொண்டுதான் வாப்பா படியிறங்கினார்.

சாப்பாட்டு மேசை ஸாகியின் பட்டறையானது.

"இனி நாங்க எங்க வச்சுச் சாப்பிடுற?" என்று உம்மா கேட்டார்.

"கையில வச்சு உம்மா" என்றாள் ரிப்கா. அவள்தான் ஃபோன் வெளிச்சம் பிடிக்கும் உதவியாள். ஸாகி ஒவ்வொரு சாமானையும் முட்டையைத் தூக்குவது போலத் தூக்கினான். மூச்சைக்கூட மெதுவாக விட்டான். ஆணி ஒன்று கீழே விழுந்தால் இருவரும் மேசைக்கடியில் தவழ்ந்தார்கள்.

சனிக்கிழமை பகல் எல்லாம் முடிந்தது. பெட்டியை ஜன்னலோரமாக, முதுகைச் சுவருக்குக் காட்டி வைத்தார்கள். ஸாகி பின்பக்கத்துச் சின்ன சுவிட்சைப் போட்டான். பிளக்கையும் சொருகினான்.

"அமுக்குங்க நானா!"

"இல்ல தங்கச்சி. வாப்பா வரட்டும். அவர் பார்த்துட்டு இருக்கத்தான் முதல்தரம் அமுக்குவேன்."

அவளை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது ஸாகி வழி முழுக்கச் சீட்டியடித்தான்.

அன்று பின்னேரம் பெரிய மழை. ஏப்ரல் மாதத்து இடி, மலைக்கு மலை உருண்டது. டியூஷன் விட்டதும் அண்ணனும் தங்கையும் ஒரு கடையோரம் ஒதுங்கி நின்று, மழை விட்ட பிறகுதான் வீடு வந்தார்கள்.

வாப்பா அவர்களுக்கு முன்பே வந்திருந்தார். மழை பெய்தால் யாரும் வாளி வாங்க வரமாட்டார்கள். கூரை ஒழுகுகிறவர்கள்கூட மறுநாள்தான் வருவார்கள்.

"வாப்பா, இங்க பாருங்க!"

பெட்டியின்மேல் ஒரு சால்வை கிடந்தது. ஸாகி அதை எடுத்துக் கதிரையில் போட்டான். பிளக் சொருகியபடியே இருந்தது. பிஸ்மி சொல்லி, பொத்தானை அமுக்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமுக்கினான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டில் குறையில்லை. பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை.

பிளக்கைக் கழற்றி, பக்கத்து மூடியைத் திறந்து, சாமான்களை எடுத்து எடுத்துத் திரும்பப் பொருத்திப் பார்த்தான். அப்போதும் ஒன்றுமில்லை.

"பரவாயில்ல மகன். நாளன்னைக்கு ஃபாஸில்ட்ட போவோம்" என்றார் வாப்பா. பிறகு, வியாபாரி அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. "ரெடிமேட் வாங்குவோம்னு அப்பவே சொன்னேனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஸாகி இராச்சாப்பாட்டுக்கு வரவில்லை. உம்மா அவனுக்கென்று எடுத்து வைத்த இடியப்பம் ஆறிப்போனது.

ஞாயிறு காலையில் வாப்பா கடைக்குப் போய்விட்டார். ஸாகி சாமான்களைக் கழற்றி, அட்டைப் பெட்டிகளில் வைக்கத் தொடங்கினான். கண் சிவந்திருந்தது.

"திங்கட்கிழமை வர்ற வரைக்கும் பார்ப்போமே நானா."

"என்னத்தப் பார்க்க? எனக்கு ஒரு வேலையும் ஒழுங்கா வராது தங்கச்சி. பரீட்சையும் இப்படித்தான் வரப்போகுது."

கணினி போனால் போகட்டும் என்றிருந்தது ரிப்காவுக்கு. எதையும் கழற்றிப் பார்க்காமல் விடாத அவளுடைய நானா, இனி எதையும் தொடவே மாட்டான் போலிருந்தது.

"பின்னால இருக்கிற வயரைக் கழட்டு" என்றான் ஸாகி.

அவள் பெட்டிக்குப் பின்னால் புகுந்தாள். வயருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். கோடு என்றால் போட்டிருக்கிறது, வட்டம் என்றால் அணைத்திருக்கிறது என்று ஸாகிதான் அவளுக்குச் சொல்லியிருந்தான். இப்போது வட்டம் அமுங்கியிருந்தது.

"நானா, இந்தச் சுவிட்சைப் போட்டீங்களா?"

"நீ பார்த்துட்டு இருக்கத்தானே போட்டேன்! என்னை மடையன்னு நினைச்சியா?"

உண்மைதான். அவள் பார்த்திருந்தாள். அப்படியானால் அணைத்தது யார்?

ரிப்கா சத்தமில்லாமல், உம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனாள். "உம்மா, நேத்து இடி இடிக்கிறப்ப வீட்டில யார் இருந்தது?"

"நானும் உங்கட வாப்பாவும்தான். இடின்னா அவர் பாடு தெரியும்தானே. பிரிட்ஜ், டிவி, ரைஸ் குக்கர் எல்லாத்தையும் ஓடியோடி அணைச்சார். ஸாகிட பெட்டிக்குப் பின்னாலயும் குனிஞ்சு என்னத்தையோ அணைச்சார். ஜன்னலால சாரல் அடிக்குதுன்னு பெருநாள் சால்வையை வேற போத்திவிட்டார். நான் நனைஞ்சு நனைஞ்சு உடுப்பு எடுத்தேன், எனக்கு ஒரு குடை பிடிக்க ஆளில்ல!"

ரிப்கா குசினி வாசலிலேயே நின்று யோசித்தாள்.

இதை இப்போது நானாவிடம் சொன்னால்? 'ரெடிமேட் வாங்கத்தான் வாப்பா வேணும்னே அணைச்சிருக்கார்' என்று அவன் நினைக்கலாம். நேற்றிரவிலிருந்து அவன் மனம் அப்படித்தான் இருக்கிறது.

யாருக்கும் சொல்லாமல் அவளே சுவிட்சைப் போட்டுவிட்டால்? கணினி வேலை செய்யும். ஆனால் 'நேத்து ஏன் வேலை செய்யல?' என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. தான் பொருத்தியதை அவனே நம்பமாட்டான்.

உம்மா ஊற்றி வைத்திருந்த பிளேன்டீ போத்தலைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு நடந்தாள்.

வாப்பா ஒரு கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள்.

"வாப்பா, ஒரு கதை கேட்கவா? ஒரு ஆள் உங்கட கடையில வாளி வாங்குறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா ஓட்டை. தான்தான் உடைச்சிட்டேன்னு அவருக்குப் பெரிய கவலை. ஆனா அந்த ஓட்டை விழுந்தது உங்கட கை தவறி. என்ன செய்வீங்க?"

"கூப்பிட்டுச் சொல்லி, மாத்திக் குடுப்பேன். மாப்பும் கேட்பேன்."

"அது ஒரு சின்னப் பொடியனா இருந்தா?"

"அவனுக்கு முதல்ல சொல்லுவேன். பெரிய ஆள் நாலு வாளி வாங்குவார். பொடியன் கல்யாணம் முடிச்சு, புள்ளைகளோட வந்து வாங்குவான். அவன்ட நம்பிக்கை போனா கடையே போச்சு."

"வாப்பா, அந்தப் பொடியன் ஸாகி நானா."

வாப்பா கோப்பையை வைத்தார்.

ரிப்கா சுவிட்சைப் பற்றிச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

"அல்லாஹ்வே! இடி உள்ளே போயிடும்னுதான் அதை அணைச்சேன். பிறகு மறந்தே போச்சு. அவன்ட சாமான் எரிஞ்சிடக் கூடாதேன்னு..."

"எனக்குத் தெரியும் வாப்பா. நானாவுக்குத்தான் தெரியாது. நான் சொன்னா, உங்களுக்காகச் சொல்றேன்னு நினைப்பார். நீங்க சொன்னா நம்புவார்."

வாப்பா எழுந்தார். தொங்கிய வாளிகளை அவசரமாக உள்ளே இழுத்தார். பட்டப்பகலில் கடைக் கதவு சாத்தப்படுவதைப் பார்த்து, எதிர்க்கடைக்காரர் தெருவுக்கே வந்துவிட்டார்.

"என்ன மஹ்மூத், வீட்டில விசேஷமா?"

"வீட்டில ஒரு வாடிக்கைக்காரர் காத்துட்டு இருக்கார்" என்று சொல்லிவிட்டு வாப்பா மேடேறினார்.

ஸாகி கடைசி அட்டைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். வாப்பா அவனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மகன், நீ பொருத்தினதில ஒரு பிழையும் இல்ல. பின்னால இருக்கிற சுவிட்சை நான்தான் அணைச்சேன். இடிக்குப் பயந்து. பிறகு மறந்துட்டேன். பிழை என்ட. மாப்புத் தா."

ஸாகி வாப்பாவைப் பார்த்தான். கதிரையில் கிடந்த பெருநாள் சால்வையைப் பார்த்தான்.

"இதைப் போத்தினதும் நீங்களா வாப்பா?"

"சாரல் அடிச்சுதே" என்றார் வாப்பா, வெட்கத்தோடு. "அது நனைஞ்சா ஏலாதுதானே?"

ஸாகிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க, மூடிய அட்டைப் பெட்டியை அவசரமாகத் திறந்தான்.

மறுபடியும் எல்லாவற்றையும் பொருத்த வேண்டியிருந்தது. இந்த முறை வெளிச்சம் பிடித்தது வாப்பா. "இது என்ன சாமான்? இதுக்கு இவ்வளவு விலையா? இதை நீ எப்படிப் படிச்சே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். வெளிச்சம் பாதி நேரம் கூரையில் விழுந்தது. "கீழே பிடிங்க வாப்பா" என்று ஸாகி அதட்ட, "சரி மாஸ்டர்" என்றார் வாப்பா. குசினியிலிருந்து உம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்ததும் ஸாகி, "சுவிட்சை நீங்க போடுங்க வாப்பா" என்றான்.

வாப்பா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். டிக். ஸாகி பொத்தானை அமுக்கினான்.

உள்ளே ஒரு விசிறி முனகியது, பிறகு இரண்டு. திரையில் வெளிச்சம் வந்தது. ரிப்கா துள்ளியதில் மேசையிலிருந்த ஆணிக் கிண்ணம் கவிழ்ந்தது. யாரும் அதை எடுக்கக் குனியவில்லை.

அப்போது வாப்பாவின் ஃபோன் அடித்தது.

"ஹாஜியார், கடை பூட்டியிருக்கே! எனக்கு ரெண்டு பெரிய வாளி வேணுமே" என்றது ஒரு குரல்.

"நாளைக்கு வாங்க தம்பி. நான் இப்ப மகனோட இருக்கேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, வாப்பா தன் கதிரையை ஸாகியின் கதிரையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.