விளக்கு ஏந்திய கை

மணிப் பொத்தானின் மேல் இரண்டு கைகள் ஒரே சமயத்தில் விழுந்தன.

"இடது கை," என்றான் அவன்.

வலது என்று சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். சேர்ந்தாற்போல இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருக்கிற நர்சுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது?

பழைய சினிமாப் பிரியர்களின் விநாடி வினா. ஜோடியாகத்தான் ஆட வேண்டும். அவளுடைய அண்ணன் காலையில் கைவிரித்துவிட்டான். இந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கூட்டாளியும் வரவில்லை. இருவரும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள். பத்தொன்பது கேள்விகளுக்கு ஒரு பிசகில்லை. பதில் சொல்லுமுன் அவன் ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பான். களைத்த கண்கள்... ஆனாலும் உள்ளே ஒரு குறும்பு.

இருபதாவதுதான் கடைசி. கதாநாயகி எந்தக் கையில் விளக்கேந்திப் படியிறங்கி வருகிறாள்?

"தப்பு. வலது கை," என்றார் நடத்துபவர்.

எதிர் மேஜையிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜெயித்தவர்கள் கேட்கும் படத்தை ஞாயிறன்று இதே அரங்கில் பெரிய திரையில் போடுவார்கள். அதற்காகத்தானே வந்தாள்... அம்மாவின் பார்வை மாதாமாதம் மங்குகிறது. டிவியில் வெறும் நிழல்தான். பெரிய திரையில் அம்மாவுக்குப் பிடித்த அந்த விளக்குப் படத்தை ஒரு தரமாவது காட்டிவிட வேண்டும். அடுத்த வருஷம் என்பது அம்மாவின் கண்ணுக்கு இல்லை.

அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தாள். மழை. குடையில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது.

கால்மணி கழித்து அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களே சார்," என்றாள், திரும்பாமல். "மங்கிப்போன எங்கம்மா கண்ணை நம்பியிருந்தாக்கூட ஜெயிச்சிருப்பேன்."

மழையைப் பார்த்தபடியே சொன்னான். அவன் அம்மா ஒரு தியேட்டரில் பெருக்குகிற வேலை செய்தவள். டிக்கெட் கிடையாது. திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துதான் எல்லாப் படமும் பார்த்தான். அங்கே இடது வலதாகும், வலது இடதாகும். கண்ணை மூடி, மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் பதில் சொல்வான். யாரிடமும் சொன்னதில்லை... கௌரவக் குறைச்சல்.

"அப்ப கடைசிக் கேள்விக்கு மட்டும் ஏன் திருப்பல?"

"மறந்துட்டேன். உங்களையே பாத்துட்டிருந்தேன்."

காதில் விழுந்தது சரிதானா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் காது மடல் சிவந்திருந்தது.

பெயர் கொடுக்கும்போது நீங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னதை நடத்துபவர் சொன்னார், என்றான். தபால்காரர்களிடம் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்த கதையை எல்லார் முன்னாலும் சொல்லி, விளக்குப் படத்தையே கேட்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்களாம்.

எத்தனை வருஷமாயிற்று, அவள் பாரத்தில் ஒரு முனையை இன்னொருவர் தூக்கி...

"ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. முன்னாடி, எங்களோட உக்காந்து பாருங்க."

"உங்கம்மா, இது யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"தோக்கடிச்சவர்னு சொல்வேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பிடிச்சிருக்குன்னும் சொல்வேன்."

அவன் காது மடலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் உக்காரட்டும்?"

"உங்களுக்குத்தான் பக்கம் தெரியாதே," என்றாள், அவன் கையைப் பிடித்தபடி. "நானே உக்கார வைக்கிறேன்."